தங்கைக்குச் சொல்லாதது

அந்தத் தீர்ப்பு நாளை நினைத்தால், பெண் நீதிபதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விதம்தான் முதலில் வருகிறது. தன்னுடைய டேனிஷ் கேள்வி தமிழில் எப்படி ஒலிக்கும் என்று அறிய விரும்பியவர்போல இருந்தார். வன்னியில் யுத்தம் முடிந்த வருடம் அது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் தொழிற்சாலை வேலையோடு நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்புக்கும் போய்வந்தேன்.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு ஒரு சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிச் சிறையிருந்தவர். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில், காவல்துறைக்கு அறிவித்து அனுமதி பெறாமல் தங்கக்கூடாது என்று அவருக்குத் தடை இருந்தது. யுத்தத்தின் கடைசி நாட்களில் ஊரிலிருந்த தாயின் தொடர்பு அறுந்துபோக, பெட்டியோடு ரண்டர்ஸ் நகரிலிருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே இரண்டு பெண்பிள்ளைகள். பழைய வழக்கு நடந்தபோது தங்கை டென்மார்க்குக்கே வந்திருக்கவில்லை. காவல்துறை வந்து கதவைத் தட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை.

தாயைத் தேடித் தவித்த மகனைத் தண்டிப்பதா என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டார். அந்த மாதங்களில் நாங்கள் எல்லோருமே தொலைபேசியைக் கையிலிருந்து இறக்காதவர்கள். இந்தத் துயரத்தை நீதிபதி எப்படி எடுத்துக்கொள்வார் என்று அறிய எனக்குள் பெரிய ஆவல். மொழிபெயர்க்க வந்தவருக்கு அது ஆகாது, ஆனாலும் இருந்தது.

நீதிபதி ஒன்றைத்தான் கேட்டார்: தடையைப்பற்றித் தங்கையிடம் சொன்னீர்களா?

"இல்லை. சொல்லியிருந்தா கதவு திறந்திருக்கமாட்டா."

பிறகு சாட்சியாக வந்த தங்கை, அண்ணன் அழுதுகொண்டு வந்ததையும், பிள்ளைகளின் அறையையே அவருக்கு ஒழித்துக் கொடுத்ததையும் சொன்னாள்.

சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. துயரம் உண்மையானது, ஆனால் யாரை வீட்டுக்குள் விடுவதென்று முடிவெடுக்கும் உரிமை அந்தப் பிள்ளைகளின் தாய்க்குரியது, அதை நீங்கள் பறித்துவிட்டீர்கள் என்றார் நீதிபதி. 'பறித்தது' என்பதற்குக் கொஞ்சம் மென்மையான சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு கலியாண வீட்டில் தங்கை தானாகவே வந்து கதைத்தாள். ஊரில் தங்கள் தாய் இறந்தது உறுதியானதும், சிறைக்குப் போய் அண்ணனுக்குச் சொன்னது தான்தானாம். இரண்டு பேரும் அழுதார்களாம். வெளியே வந்தால் தனக்குப் போக இடமில்லை என்று அவர் சொன்னாராம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அம்மாவின்ர செய்தி சொல்லத்தான் வந்தனான், அண்ணை. வீட்டுக்குக் கூப்பிட வரேல்லை எண்டு சொன்னன்."