காற்றுக் காலத்தில் எண்ணிய பள்ளிக்கூடம்

அந்த நீலத் தறப்பாளின் நடுவில் நீளமாக ஒரு கிழிசல். அதை வலை நூலால் தைத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் அம்மா. போர் முடிந்து மன்னார்க் கரையில் எங்களை மீளக் குடியேற்றியபோது பள்ளிக்கூடத்தில் சுவர்கள் மட்டுமே மிச்சம். தறப்பாள்தான் கூரை. நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். என் மகளாவது அதற்கு மேலே படிக்கவேண்டும் என்றிருந்தேன்.

கட்டடத்துக்குக் கொழும்பிலிருந்து அரசாங்கக் காசு வரும், பிள்ளைகளை எண்ணிப் பார்த்துத்தான் தருவார்கள் என்றார் அதிபர் அம்மா. ஆனால் எண்ணுகிற காலம் சோழகக் காற்றுக் காலம். அப்போது எங்கள் பக்கத்துக் கடலில் இறங்க முடியாது. பெண்டு பிள்ளைகளோடு காற்று அடிக்காத மறுகரைக்குப் போய், வாடி என்று ஓலைக் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வோம். தகப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

"இந்த முறை மட்டும் பிள்ளையளை விட்டிட்டுப் போங்கோவன்" என்று அதிபர் அம்மா கெஞ்சினார்.

"மீனை இஞ்சால வரச் சொல்லுங்கோ ரீச்சர், நாங்கள் ஏன் போறம்?" என்று சிரித்தார் எங்கள் படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி.

அதிபர் அம்மா கோபிக்கவில்லை. ஊரில் மிஞ்சிய சில பிள்ளைகளைக் கோயில் விறாந்தையில் இளைய ரீச்சரிடம் விட்டார். தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு எங்கள் உழவு இயந்திரத்தில் ஏறிவிட்டார். வாடியில் அதைக் கட்டி, மணலில் பிள்ளைகளை இருத்திப் படிப்பித்தார்.

கல்விக் கந்தோர் அதிகாரி ஐயா வந்து விறாந்தைப் பிள்ளைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனார். அதிபர் அம்மா கந்தோருக்கே போனார். கூட்டிப்போன நான் வாசலில் நின்றேன்.

"மற்றப் பிள்ளையள் என்னோட வாடியில படிக்கினம் ஐயா. ஒருக்கா வந்து பாருங்கோ."

"வாடி பள்ளிக்கூடமில்லை அம்மா. வகுப்பில கதிரை போட்டு இருக்கிற பிள்ளையைத்தான் நான் எண்ணலாம்."

"கதிரை எப்ப தந்தனீங்கள்?"

அவர் கோப்பை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எங்கள் கட்டடத்துக்கு வரவேண்டிய காசில் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மேல் இன்னொரு மாடி எழும்பியது. பிள்ளைகள் போதாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதிபர் அம்மாவை எங்கோ மாற்றினார்கள்; தறப்பாளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். என் மகள் பஸ் வந்த நாள்களில் நகரத்தில் படித்தாள், வராத நாள்களில் கருவாடு காயவைத்தாள். பிறகு கருவாடு மட்டும்தான்.

கொழும்புக் காசாம். யாருடைய காசு? என் மண்ணெண்ணெயிலும் சீனியிலும் வரி எடுத்தபோது, நீ எந்தக் கரையில் நிற்கிறாய் என்று ஒருவனும் கேட்கவில்லையே! நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தச் சோழகத்துக்கும் அதே தறப்பாளை வாடியில் கட்டியிருக்கிறேன். அதிபர் அம்மா போட்ட தையல் இன்னும் பிரியவில்லை. அதன் கீழே கருவாடு குவிந்து கிடக்கிறது. அதை நிறுத்து எடுக்க கருவாடு வாங்கும் முதலாளியின் லொறி மணலில் புதைந்து புதைந்து வாடி வாசலுக்கே வருகிறது. பிள்ளைகளை எண்ணத்தான் ஒருவருக்கும் வழி தெரியவில்லை.