புளிக்கு விட்டுக்கொடுத்த வீடு

மருமகள் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள் என்கிறார்களே, எந்த மருமகள் என்று கேளுங்கள். சாந்தம்மாளுக்கு இருப்பது ஒரே மருமகள். அவள் குடகில் காப்பி பறித்துக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்து இந்த மலைக்குக் கையை நீட்டி மாமியார் கழுத்தைப் பிடித்துத் தள்ள அவளுக்கு எத்தனை நீளக் கை வேண்டும்? புருஷனோடு சண்டை என்பதும் பொய். சின்னதம்பியோடு யாராலும் சண்டை போட முடியாது. யார் எதைச் சொன்னாலும் சரி என்கிற மனிதர். வினையே அதுதான்.

நெல்லிவாசல் பக்கத்தில் அவர்கள் ஊருக்கே பெரிய வீடு அவர்களுடையது. மூன்று பிள்ளைகள் அதில் உருண்டு வளர்ந்தார்கள். பெரியவன் பெண்டாட்டியோடு குடகுக்குப் போனான். அடுத்தவன் ஆலங்காயத்தில் லாரிக்குக் கிளீனரானான். கடைசிப் பெண்ணை எண்பத்திரண்டாம் வருஷம் மாசியில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அவளை விட்டுவிட்டு வந்த மறுநாள் சாந்தம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். கூட்டக் கூட்ட வீடு நீண்டுகொண்டே போனது. அழுகை வருமென்று நினைத்தாள். இடுப்பு வலிதான் வந்தது.

அந்நேரம் பார்த்து அடுத்த வீட்டுக் காந்தா எட்டிப்பார்த்தாள்.

“இன்னாக்கா, வூடு வெறிச்சுனு கீது? பாக்கவே மனசு கேக்கல. நம்ம புளி நாலு கூடை இங்க கெடக்கட்டுமே. வெலை ஏறுனா எடுத்துக்கிறேன்.”

சாந்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் சின்னதம்பி, “அதுக்கின்னா, வெச்சிக்க” என்றார்.

புளி விலை ஏறவில்லை. கூடைதான் ஏறியது. காந்தாவுக்கு ஒரு மூலை கிடைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கருப்பன் சாமை மூட்டைகளை இறக்கினான். ஊர்க்கவுண்டர் துரைக்கண்ணு ஊர்ப் பொது அண்டாக்களை அனுப்பினார். கூத்து மத்தளம் வந்தது. மழை பிடித்ததும் யாருடையதோ குட்டி போட்ட ஆடு வந்தது. சின்னதம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புளி வேர்த்துத் தரை பிசுபிசுத்தது. சாமைக்கு எலி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் உள்ளறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து அடுப்படிக்கும் பாயைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பிள்ளைகள் போன பிறகுதான் அந்த வீட்டில் காலை நீட்ட இடமில்லாமல் போயிற்று.

அதையும் பொறுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். தூளி கட்ட இடம் தேடினார்கள். ஒரு விட்டத்துக்குக் கீழே புளிக்கூடை, இன்னொன்றுக்குக் கீழே அண்டா. கடைசியில் தூளியைக் காந்தா வீட்டில் கட்டினார்கள். ஆமாம், அதே காந்தா வீட்டில்தான். அங்கே இடம் தாராளமாக இருந்தது. இருக்காதா பின்னே? தூளியை ஆட்டிக்கொண்டே காந்தா ஊரெல்லாம் சொன்னாள்: “அம்மாம் பெரிய வூடு. பெத்த பொண்ணுக்கு எடம் குடுக்க மனசு வரல பாரு அந்தம்மாக்கு!”

மகள் ஊருக்குப் போன அன்றே சாந்தம்மாள் புருஷனிடம் சொன்னாள்.

“கொல்லமேட்டுல ஒரு குடிசை போட்டுக்கினு போயிடலாம்யா. ரெண்டு பேருக்கு.”

“சரி” என்றார் அவர்.

குடிசைக்குக் கூரை வேய வந்த கருப்பன் உள்ளே நுழைந்து பார்த்துத் திகைத்தான்.

“இன்னாக்கா, பரண் வெக்கலியா?”

“வெக்கல.”

“ஒரு மூட்டை போடக்கூட எடமில்லியே?”

“அதுக்குத்தான் இவ்ளோ சின்னதா போட்டேன். அந்த நடு விட்டத்த மட்டும் கெட்டியா வெய்யி. தூளி கட்டணும்.”

ஊர் கூடியது. துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

“வயசான காலத்துல வூட்ட வுட்டுப் போறது ஊருக்கே அவமானம்மா. நாளைக்குப் புள்ளைங்க வந்து கேட்டா நாங்க இன்னா சொல்றது?”

“உங்க அண்டாவ எடுத்துக்கினு போங்க கவுண்டரே. நான் எங்கியும் போவல.”

“அண்டா வேற பேச்சும்மா” என்றார் துரைக்கண்ணு. பிறகு அந்தப் பக்கம் திரும்பினார். “சின்னதம்பி, நீயாச்சும் இங்க இரு. ஆள் இல்லாத வூட்டுல சாமானுக்கு யாரு காவல்?”

“சரிங்க” என்றார் சின்னதம்பி.

சாந்தம்மாள் கணக்குப் போட்டாள். தனக்கும் ஒரு சரி, ஊருக்கும் ஒரு சரி. இதில் எது நிற்கும்? கேட்டால் மூன்றாவதாக ஒரு சரி வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் அவள் கேட்கவே இல்லை. ஆனால் குடிசைத் தரையை மெழுகும்போது இரண்டு பாய்க்குத்தான் மெழுகினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சட்டி, ஒரு பானை, தன் பாய், இவற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஊரே நின்றது. காந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னதம்பி உள்ளே சாமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

“நான் போறேன்யா” என்றாள் சாந்தம்மாள். படியிறங்கி நடந்தாள்.

அவள் பத்தடி போவதற்குள் காந்தாவின் அழுகை நின்றுவிட்டது.

“மாமா, அக்கா படுத்த எடம் சும்மாதான கீது? இன்னும் ரெண்டு கூடை வெச்சிக்கட்டா?”

சின்னதம்பி எழுந்தார்.

“வெச்சிக்க. நான் படுக்கிற எடத்துலயும் வெச்சிக்க” என்று சொல்லிவிட்டுத் தன் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

பின்னால் காலடி கேட்டது. சாந்தம்மாள் திரும்பவில்லை.

“கதவச் சாத்துனியா?”

“சாத்த வரல. கூடை தடுக்குது.”

“கெடக்குது, வாய்யா.”