பயிற்சி பதினான்கு

ஆர்லிஸ் கோஸ்கி வாரியத் தேர்வில் இரண்டாவது முறை தோற்ற அன்று நாங்கள் கேக் சாப்பிட்டோம். மூளை அலைகளைப் பதிவு செய்யும் எங்கள் இ.இ.ஜி. அறையில் யார் தேறினாலும் மனிதத் தலை வடிவத்தில் ஒரு கேக் வாங்குவது வழக்கம். மின்முனைகள் ஒட்டும் இருபத்தோரு இடத்திலும் சிவப்புச் சர்க்கரைப் பொட்டு இருக்கும். முடிவு வரும் நாள் தெரியும் என்பதால் நான் முன்கூட்டியே சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். "வீணாக்கக் கூடாதுல்ல" என்று அவள் பெயரைக் கத்தியால் வழித்துவிட்டு, முதல் துண்டை அவளுக்கே கொடுத்தேன். அவள் வாங்கித் தின்றாள். நன்றி என்றுகூடச் சொன்னாள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான், அறைந்தாலும் நன்றி சொல்லிவிட்டு நகர்வார்கள்.

நான் மார்வா சண்ட்குவிஸ்ட். வட அமெரிக்காவில், துலூத் நகரத்து ஏரிக்கரை மேட்டில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் அவளும் நானும் ஒரே வருடம் சேர்ந்தோம். இருவருக்கும் அங்கேயே வேலையைச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் பதினைந்து வருடத்துக்கு முன்பே இந்தத் தொழிலுக்கான வாரியத் தேர்வு எழுதித் தேறி, பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொண்டேன். அவள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் கை வேலையில் அவள் பக்கத்தில் நான் நிற்க முடியாது. மூக்குத்தண்டிலிருந்து பின்மண்டை மேடு வரை டேப்பை ஓட்டி, பத்து சதம், இருபது சதம் என்று கணக்குப் போட்டு, சிவப்பு மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பாள். நான் இருபத்தைந்து நிமிடம் மல்லுக்கட்டும் தலையை அவள் பன்னிரண்டில் முடிப்பாள். என்னிடம் வீரிட்டு அழும் குழந்தை அவளிடம் போனதும் தூங்கிவிடும். எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன ஆண்டு தொடக்கத்தில் எங்கள் மேலாளர் கர்ட் ஒரு காகிதத்தை ஒட்டினான். செப்டம்பர் முடிவுக்குள் வாரியச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இந்த அறையில் வேலை இல்லை. எங்களில் சான்றிதழ் இல்லாதவள் அவள் ஒருத்திதான். அவள் புருஷன் ரெய்னோ இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவன். சுரங்கம் ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவன், பிறகு எங்கும் போகவில்லை. இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்பீடு அவள் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அதுவும் போகும். ஐம்பத்தெட்டு வயதில் அவள் பாடப் புத்தகத்தைத் திறந்தது அதனால்தான்.

இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் தோற்றாள். அலைகளைப் பார்த்து இது இயல்பு, இது நோய் என்று பிரிக்க வேண்டிய கேள்விகள். மூளை அலைகளில் சில பார்க்கப் பயங்கரமாக இருக்கும், உண்மையில் ஒன்றுமே இருக்காது. தூக்கம் சொக்கும்போது நெற்றிப்பொட்டுப் பக்கம் வரும் ஒரு வகை மெதுவான அலை அப்படிப்பட்டது. புதியவர்கள் அதைப் பார்த்து மிரளுவார்கள். ஆர்லிஸும் மிரண்டு, நோய் என்று குறித்து, மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருந்தாள்.

"உனக்குப் பேய் பிடிச்சிருக்கு, ஆர்லிஸ்" என்பேன். "எந்தத் தலையைப் பார்த்தாலும் உனக்குப் பேய்தான் தெரியுது."

"சொல்லிக்குடேன், மார்வா. எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா வராதது இப்ப வருமா?"

எல்லோர் முன்பும்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சிக்காக ஒருவர் தலையில் ஒருவர் எடுப்பது எங்கள் அறையில் உண்டு. விதிப்படி பணியாளர் தலைதான், அதுவும் பெயர் போடாமல். இயந்திரத்தில் பயிற்சி ஒன்று, பயிற்சி இரண்டு என்று எண் மட்டும் இருக்கும். மாதக் கடைசியில் மூத்தவள், அதாவது நான், அவற்றை அழிக்க வேண்டும். வெளியாள் தலையில் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் எடுக்கவே கூடாது. ஆனாலும் எல்லோரும் புருஷனையும் மச்சானையும் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்தார்கள். தெரிந்தும் நான் கண்டுகொள்ளவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ஆர்லிஸ் ரெய்னோவைக் கூட்டி வந்தாள். அவன் உச்சியில் ஒரு முடி கிடையாது. எங்களுக்கெல்லாம் கிடைக்காத பாக்கியம், பசை தேய்க்கவும் புள்ளி வைக்கவும் வழவழவென்று இருந்தது.

"என் மண்டைக்கு இப்பதான் ஒரு மரியாதை வந்திருக்கு" என்றான் ரெய்னோ. "எடுத்துட்டு உள்ள ஏதாவது இருந்தா சொல்லுங்க. இருக்குன்னு என் மாமியார் கடைசி வரைக்கும் நம்பல."

அதுதான் பயிற்சி பதினான்கு. திங்கட்கிழமை காலை ஆர்லிஸ் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மார்வா, இதைக் கொஞ்சம் பாரேன். இடது பக்கம் மெதுவா ஒரு அலை வருது."

திரையில் இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தேன். இடது நெற்றிப்பொட்டில் மெதுவான அலை இருந்தது. "தூக்கம்" என்றேன்.

"தூக்கமா இருந்தா முழிச்சதும் போகணும்ல? நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கண்ணைத் திறக்கச் சொன்னேன், நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னேன். அப்பவும் இருக்கு. கடைசிப் பக்கம் வரைக்கும் இருக்கு. பாரு."

"ரெய்னோவுக்குக் கழித்தல் கணக்குக் குடுத்தா முழிச்சுக்கிட்டே தூங்குவான்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

"அவன் ஒரு மாசமா ரப்பர் கருகுற வாசனை வருதுங்கறான். வீட்டுல ஒண்ணுமே கருகல."

"நீ சமைக்கிறல்ல?"

இன்னும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்ப்பது தோற்றுப்போவதுபோல் இருந்தது. போகவில்லை. இருபது நிமிடப் பதிவில் நான் பார்த்தது இருபது நொடி.

அவள் விடவில்லை. மதியம் சாப்பாட்டு அறையில் காட்டரிசி சூப்பை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"டாக்டர் ஹாக்லண்ட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவா?" நாங்கள் எடுக்கும் பதிவுகளைப் படிக்கும் நரம்பு டாக்டர் அவர்தான்.

"சொல்லு. எப்படித் தெரியும்னு கேப்பாரு. ஆர்டர் இல்லாம வெளியாளை மெஷின்ல போட்டேன்னு சொல்லு. அப்புறம் வாரியத்தோட விண்ணப்பத்துல ஒழுங்கு மீறல் உண்டான்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல உண்டுன்னு போடு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கும் அதில் பங்கு உண்டு, கண்டுகொள்ளாமல் இருந்தவள் நான்தானே என்பதை நான் சொல்லவில்லை.

"நீ நிச்சயமாச் சொல்றியா, மார்வா? தூக்கம்தானா?"

"யார் கிட்ட சான்றிதழ் இருக்கு? உன்கிட்டயா, என்கிட்டயா? இதே மாதிரி அலையைப் பார்த்து மிரண்டுதான ரெண்டு தடவை தோத்த? முதல்ல தேர்வை முடி. அப்புறம் அவனை எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் இழுத்துட்டுப் போ."

தன் கண்ணை நம்பினால் தோற்போம் என்று இரண்டு முறை அடித்துச் சொல்லிக் கொடுக்கப்பட்டவள் அவள். என்னை நம்பினாள். தானாகப் படிக்கும்போதும் இனி சந்தேகம் வந்தால் இயல்பு என்றே குறிப்பது என்று முடிவு செய்துகொண்டாளாம். ஆகஸ்டில் எழுதினாள். செப்டம்பர் நடுவில் தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. அறையே கைதட்டியது. நானும் தட்டினேன். கர்ட் அவளுக்குப் புது அடையாள அட்டை கொடுத்தான். இயந்திரத்தில் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும் திறக்கக்கூடிய பகுதிகளும் அவளுக்குத் திறந்தன.

டாக்டரிடம் வரச்சொல்லி ரெய்னோவிடம் அவள் பேசாமல் இல்லை. அவன்தான் காட்டுக்கோழி வேட்டை முடியட்டும் என்று தள்ளிப் போட்டான். வாசனை இப்போது வருவதில்லை என்றும் சொன்னானாம்.

அக்டோபர் பதினாறு, ஞாயிறு மதியம், முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்று, வாயைச் சப்புக்கொட்டி, கையுறையைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, பிறகு கட்டைபோல் விழுந்தான், வலிப்பு வெட்டி இழுத்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். மூளையின் இடது பக்கம் கட்டி. இல்லாத ரப்பர் வாசனையைக் காட்டியதும் அதுதான். அன்று சாயங்காலமே கர்ட் எல்லோருக்கும் செய்தி அனுப்பினான்.

செய்தியைப் படித்ததும் எனக்கு ரெய்னோ நினைவு வரவில்லை. ஆர்லிஸ் நினைவும் வரவில்லை. ஜூன் மாதத்திலிருந்து சோம்பேறித்தனத்தால் நான் அழிக்காமல் விட்ட பயிற்சிப் பதிவுகள்தான் நினைவுக்கு வந்தன.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் அறையைத் திறந்தேன். பயிற்சி பதினான்கை எடுத்தேன். இந்த முறை கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அவள் "ரெய்னோ, கண்ணைத் திற" என்று குறித்திருந்த இடத்திலும் அலை இருந்தது. கழித்தல் கணக்கின்போதும் இருந்தது. கற்றுக்குட்டிகூடத் தவறவிட மாட்டாள். அழித்தேன். சந்தேகம் வரக்கூடாது என்று ஒன்றிலிருந்து இருபது வரை எல்லாவற்றையும் அழித்தேன்.

அறுவை சிகிச்சையில் பாதிதான் எடுக்க முடிந்தது. மீதி, பேச்சுக்கான இடத்துக்குள் போய்விட்டிருந்தது. சில மாதம் முன்னால் தெரிந்திருந்தால் என்று டாக்டர் ஹாக்லண்ட் ஆரம்பித்தாராம். அப்புறம், யாருக்குத் தெரியும் என்று முடித்துக்கொண்டாராம்.

மூன்றாவது வாரம் ஆர்லிஸ் வேலைக்குத் திரும்பினாள். காலை ஏழரை மணி, நாங்கள் இருவர் மட்டும். கோட்டைக்கூடக் கழற்றாமல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தேடினாள்.

"பதினாலு எங்க, மார்வா?"

"மாசக் கடைசியில அழிச்சிட்டேன். வழக்கம்தான?"

"எந்த மாசக் கடைசி?"

"ஜூன்."

அவள் ஒரு பகுதியைத் திறந்தாள். எந்தப் பதிவை யார், எப்போது அழித்தார்கள் என்று இயந்திரம் தானாகவே குறித்து வைக்கும் பட்டியல். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அது திறக்காது. அப்படி ஒன்று இருப்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

"அக்டோபர் பதினேழு. ஆறு மணி ஐம்பத்திரண்டு" என்று வாசித்தாள். "உன் பேர் போட்டிருக்கு."

"ஆர்லிஸ், நான் உனக்காகத்தான்..."

"எனக்காகவா?" சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அது இருந்திருந்தா நேரா டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போயிருப்பேன். ஆர்டர் இல்லாம எடுத்ததுன்னு என் சான்றிதழைப் பிடுங்கியிருப்பாங்க. வேலை போயிருக்கும். ரெய்னோவுக்குக் கதிர்வீச்சு நடுவுல நின்னிருக்கும். அதனால நீ அழிச்சது நல்லதாப் போச்சு. நான் தைரியமா வாயை மூடிக்கலாம்."

நான் தலையாட்டினேன். சீ, நிம்மதியாகத்தான் தலையாட்டினேன்.

அவள் அந்தப் பட்டியலை அச்சிட்டாள். ஒரே ஒரு தாள். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?" என்றேன்.

"ரெய்னோ இருக்கிற வரைக்கும் எனக்கு இந்த வேலை வேணும். அதுவரைக்கும் இது வெளிய வராது. அப்புறம் எனக்கு வேலையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்." கோட்டைக் கழற்றி மாட்டினாள். "எட்டு மணிக்கு ஒரு குழந்தை வருது. பசை தீர்ந்துபோச்சு, எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. ரெய்னோவுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. தினமும் காலையில் அவள் வந்ததும் நான் முதலில் கேட்பது அவன் எப்படி இருக்கிறான் என்றுதான். வாரத்துக்கு இரண்டு முறை சுடச்சுட ஏதாவது சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மாத்திரை நேரங்களெல்லாம் அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உன்னைப்போல ஒரு சிநேகிதி எல்லோருக்கும் கிடைக்காது என்று கர்ட் போன வாரம் எல்லோர் முன்பும் சொன்னான்.

ஆர்லிஸ் அப்போது ஒரு தலையை அளந்துகொண்டிருந்தாள். டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்று காலையும் கேட்டேன். "ராத்திரி காய்ச்சல். விடியக்காலையில இறங்கிடுச்சு" என்றாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் காய்ச்சல் இறங்கியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவ்வளவு மனதாரப் பிரார்த்தித்து எனக்குப் பல வருடம் ஆகிறது.