அரிக்கவில்லை என்றேன்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கல்யாணமாகி நான் உத்திரமேரூருக்கு வந்த புதிது. ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டியிருந்த குப்பைமேட்டில் பாட்டில், தகரம், காகிதம் பொறுக்கிக் காயலான் கடையில் போடுவது என் வேலை. குப்பைமேடா என்று முகம் சுளிக்காதீர்கள். எங்கள் தெருப் பெண்கள் கூட்டமாகத்தான் போவோம். ஊர்க்கதை பேசிச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மாமியார் வீட்டில் வாய் திறக்கவே பயந்த எனக்கு அது அம்மா வீடு மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

மழைக்காலத்தில் ஈரக் குப்பையைக் கிளறிக் கிளறி முன்கை தடித்து, திட்டுத்திட்டாக நிறம் மாறியது. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. அங்கே வந்த எல்லோருக்குமே கையிலோ காலிலோ ஏதாவது இருந்ததால் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்போம்.

ஒருநாள் மாமியார் கவனித்துவிட்டார்.

"இன்னாடி கையில? அரிக்குதா?"

ஆமாம் என்றால் குப்பைமேட்டுக்கு விடமாட்டார். அதனால், "அரிக்கல அத்தே. அங்க ஒண்ணுமே தெரியல" என்று துணிந்து புளுகினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த வேளையிலிருந்து என் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. வீட்டுக்காரர் வாசலில் படுத்தார். பெருநகர் கிராமத்திலிருந்த என் அம்மா வீட்டுக்கு என்னைத் திருப்பி அனுப்பப்போவதாகப் பேச்சு அடிபட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குச் சோறே இறங்கவில்லை.

பிறகு சைக்கிளில் ஊர் ஊராக வரும் சுகாதார ஊழியர் ஒருவரை மாமியார் கூட்டிவந்தார். கண்ணை மூடிக்கொள், தொட்டால் சொல் என்றார் அவர். பஞ்சைத் திரித்து முன்கையில் வைத்ததுமே அரிப்பு உயிரை வாங்கியது. சொன்னால் வேலை போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மாமியார் விசும்புவது கேட்டது. ஊழியர் பஞ்சை இன்னோர் இடத்தில் வைத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கண்ணைத் திறந்து இரண்டு கையையும் வறட் வறட்டென்று சொறிய ஆரம்பித்துவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இது பெருநோய் இல்லம்மா. குப்பையில வந்த சொறி."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறி என்று எங்கள் பக்கம் சுவருக்குச் சுவர் எழுதியிருப்பார்களாம். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அரிக்குதுன்னு சொல்றதுக்கு இன்னாடி கேடு ஒனக்கு? சொறிடி, நல்லா சொறி" என்று அழுதுகொண்டே சிரித்தார். அன்று தன் தட்டிலிருந்தே எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார்.

குப்பைமேட்டுக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. பழைய புடவையைக் கிழித்துக் கைக்கு உறை தைத்துக் கொடுத்தார். கூட வந்த பெண்கள் கேட்க, அவர்களுக்கும் தைத்தார். கண்ணாடிச் சில்லு பட்டு அடிக்கடி கிழியும். அரிப்பும் முழுதாக விட்டபாடில்லை. ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு நாங்கள் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை.

இன்று மாமியார் இல்லை. குப்பைமேடு இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. கையில் கறுத்த தழும்புகள் மட்டும் இருக்கின்றன. மழைக்காலத்தில் இன்னும் லேசாக அரிக்கும். மற்றவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம், எனக்கோ "சொறிடி" என்று அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.