சீர் உப்பு

சித்திரை வெயிலில் தருவையின் மேல் நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்கும். அடுத்த நொடியே உப்பின் கூர்மை பாதத்தில் ஏறும். உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்கு நடுவே கிடந்த அந்தப் பெரும் பள்ளம் கார்த்திகையில் ஏரி, பங்குனியில் வெறும் தரை, சித்திரையில் தானாக விளைந்த வெள்ளை உப்பு. யாரும் பாத்தி கட்டவில்லை, நீர் இறைக்கவில்லை, வரியும் கட்டவில்லை. ஆகவே என் தகப்பனாரின் இளவயதில் சர்க்கார் ஆட்களையும் மாடுகளையும் விட்டு அதை மிதித்துச் சேறாக்கியதாம், கூலி கொடுத்து.

நான் பள்ளிக்கூடம் போன நாற்பதுகளில் கொஞ்சம் தயவு வந்திருந்தது. உப்பு விளையும் ஊரார் தலைச்சுமையாக எடுக்கலாம், உண்ணலாம், தங்களுக்குள் விற்கலாம்; வெளியூராருக்குக் கொடுத்தால் குற்றம். பிற்காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க வேலை பார்த்து எத்தனையோ விதிகளை மனப்பாடம் செய்தேன். இவ்வளவு சுத்தமாக எழுதிய அநியாயத்தை அங்கும் பார்த்ததில்லை.

அக்காவை அடுத்த ஊரில் கொடுத்தோம். எங்கள் சனத்தில் புதுப்பெண், பிறந்த ஊர் உப்பைக் கொண்டுபோய்ப் புகுந்த வீட்டுப் பானையில் கொட்ட வேண்டும். அதன் பிறகுதான் அடுப்பங்கரை அவளுடையது. அம்மா தருவைக்குப் போய்ச் சேறு படாத மேலுப்பாகச் சுரண்டி, "கொட்டான்" என்று நாங்கள் சொல்லும் பனையோலைப் பெட்டியில் நிறைத்து அக்கா மடியில் வைத்தாள்.

ஊர் எல்லையில் உப்பு இலாகாச் சேவகர் பெண் போன வண்டியை மறித்தார்.

"பொண்ணு எங்க ஊருதான்வே" என்றார் அப்பா.

"காலம்பற வரைக்கும் அண்ணாச்சி. தாலி ஏறியாச்சுல்லா? இனி வெளியூரு."

சட்டப்படி அவர் சொன்னது முற்றிலும் சரி.

"உப்பப் புடிச்சிட்டீரு. பொண்ண எந்தக் கேசுல எழுதப் போறீரு?" என்று மாமா கேட்க, மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். பிடிபட்ட உப்பை மண்ணில் கலந்து அழிக்க வேண்டும் என்பது விதி. சேவகர் கொட்டானைத் தேரி மணலில் கவிழ்த்துச் செருப்புக் காலால் தேய்த்தார். சிரிப்பு நின்றது.

"ஏளா, எங்க வீட்டு உப்புப் பானையில நீ கை வைக்கப்படாது, கேட்டியா?" என்றாள் அக்காவின் மாமியார்.

மறுநாள் அம்மா வரி கட்டிய கடை உப்பை வாங்கிக்கொண்டு போய் நின்றாள். "கடை உப்புக்கு ஊரு ஏது?" என்று அந்த அம்மாள் திருப்பி அனுப்பினாள். அதன் பின் அக்கா சமைப்பாள். கொதி வந்ததும் விலகி நிற்பாள். மாமியார் வந்து உப்புப் போடுவாள். குழம்பு கரித்தால் மட்டும் அது அக்காவின் சமையல்.

சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு உப்பு வரியை எடுத்தார்கள். அப்பா ஒரு கொட்டான் தருவை உப்பைச் சுமந்துகொண்டு, மறிக்க ஆளில்லாத எல்லையைத் தாண்டிச் சம்பந்தி வீட்டுக்குப் போனார். "அன்னைக்கு வராதது இன்னைக்கு எதுக்கு?" என்று கேட்டு அனுப்பினார்கள். பிறகு நம்முடைய சர்க்கார் தருவையைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் வேலி போட்டார். ஊரார் தலைச்சுமையும் நின்றது.

இப்போது அங்கே வேலியும் இல்லை, உப்பும் இல்லை, சீமைக்கருவேலம்தான். சேவகர் போனார், மாமியாரும் போய் வெகுகாலம் ஆயிற்று. சென்ற மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ரசம் கொதித்தது. உப்புப் பானை அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"ஏளா, வந்து உப்பப் போட்டுட்டுப் போ" என்று மருமகளைக் கூப்பிட்டுவிட்டு, அடுப்பை விட்டு விலகி நின்றாள்.