கம்பி வலைக்கு வெளியே வந்த கை

ஜேர்மனியில் ‘ஒரு ஈரோ வேலை’ என்று எல்லாரும் சொல்கிற, வேலையில்லாதவர்களை மணிக்கு ஒரு ஈரோவுக்கு வேலை செய்ய வைக்கிற அந்தத் திட்டம் வந்து இரண்டாவது மாரிகாலம் அது. நாங்கள் அப்போது ஹம் நகரத்தில் இருந்தோம். நான் நெடுங்காலம் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதை எட்டிப் பார்க்கிற ஒருவனை, அதுவும் என்னுடைய அரைகுறை டொச்சு மொழியோடு, யார் புதிதாக வேலைக்கு எடுப்பார்கள்? வேலைக் கந்தோரில் டெர்மினுக்கு மேல் டெர்மின், சந்திப்புக்கு மேல் சந்திப்பு. ஒருநாள் அங்கே இருந்த பெண், “சிம்பன்சிகளைப் பராமரிக்கிற இடமொன்று இருக்கிறது. குசினியிலும் துப்பரவாக்குகிறதுக்கும் ஆள் வேணுமாம். போறீங்களா?” என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்கிற நிலையில் நான் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ரயிலில் போய், பிறகு பஸ் எடுத்து, பஸ்ஸால் இறங்கி வயல்வெளியால் நடக்க வேண்டும். சேர்க்கஸில் இருந்தும், மூடிப்போன ஆராய்ச்சிக்கூடங்களில் இருந்தும் மீட்ட சிம்பன்சிகளை அங்கே வைத்திருந்தார்கள். ஆட்கள் காசு கொடுத்துப் பார்க்கிற மிருகக்காட்சிச்சாலை இல்லை. அதுகள் மிச்சக் காலத்தைச் சும்மா இருந்து கழிக்கிறதுக்கான இடம்.

இங்கே இருக்கிற எங்கள் ஊராக்களுக்கு இந்தக் கதை எப்படியோ போய்விட்டது. ஒரு கலியாண வீட்டில் தெரிந்த ஒருவர், “என்ன அண்ணை, இப்ப குரங்குக்கோ சமைக்கிறியள்?” என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்கிறது? வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டேன். மனைவி பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அவள் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்து களைத்து வருகிறவள்.

வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். அலுப்பு. காலையில் பெரிய வாளிகளில் மூலிகைத் தேநீர் போட்டு ஆறவைக்க வேண்டும். லீக்ஸ், குடைமிளகாய், அவித்த உருளைக்கிழங்கு எல்லாம் வெட்டி, கொஞ்சத்தை வைக்கோலுக்குள் ஒளித்துப் போட வேண்டும். தேடி எடுத்துத் தின்றால்தான் அதுகளுக்குப் பொழுது போகும். அதுகளை ஒரு அறையில் இருந்து மற்ற அறைக்கு விட்டு, கதவுகளைப் பூட்டி, பூட்டினது சரியா என்று இன்னொருவர் பார்த்த பிறகு நிலத்தைக் கழுவ வேண்டும். பின்னேரமானால் சாக்குகளும் பழைய போர்வைகளும் கொடுப்போம். ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்ததை இழுத்துக்கொண்டு போய் மேல் தட்டில் படுக்கை கட்டும். சேர்க்கஸில் இருந்து வந்த ஆண் ஒன்று, யார் என்ன செய்தாலும் கைதட்டும். நான் வாளியைத் தூக்கினாலும் கைதட்டும். வாளி விழுந்தாலும் கைதட்டும்.

பொறுப்பாக இருந்தவர் ஒரு ஜேர்மன்காரப் பெண். என்னிலும் மூத்தவர். முழங்கால் வருத்தத்தோடு நொண்டி நொண்டித்தான் நடப்பார். அதிகம் கதைக்க மாட்டார். நானும் கதைக்கிறதில்லை. இருவரும் ஒத்துப்போனோம்.

அங்கே வயதான பெண் சிம்பன்சி ஒன்று இருந்தது. தன் வாழ்நாளில் பெரும்பங்கை ஆராய்ச்சிக்கூடத்துக் கூட்டுக்குள் தனியாகக் கழித்ததாம். மற்றதுகளோடு சேராது. மேல் தட்டில், மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இருக்கும். சாப்பாட்டை வைத்துவிட்டு நாங்கள் போன பிறகுதான் இறங்கும். நான் அதை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். “அக்கா, தேத்தண்ணி வைச்சிருக்கிறன்” என்று தமிழில் சொல்வேன். அந்த முதுகில் ஒரு அசைவும் இராது.

ஒருநாள் காலை, சலவை மெஷின் பழுது. எங்களுடைய பச்சை மேலங்கிகள் எல்லாம் ஈரத்தோடு கிடந்தன. என் பையில் மனைவியின் வேலைச்சட்டை ஒன்று, தைக்கக் கொடுப்பதற்காக வைத்தது, இருந்தது. தொளதொள என்ற வெள்ளைச் சட்டை. ஸ்வெட்டர் ஊத்தையாகாமல் இருக்கட்டும் என்று அதை மேலே போட்டுக்கொண்டு வாளியோடு உள்ளே போனேன்.

அக்கா திரும்பிப் பார்த்தது. உடனே இறங்கி வந்தது. அத்தனை வாரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது நேரே என்னிடம் வந்து கம்பி வலைக்கு முன்னால் குந்தியது. எனக்கு உண்மையில் நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில் என்னை ஆளென்று கண்டுகொண்டுவிட்டது, நான் கூப்பிட்டது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

பிறகு அது சாப்பாடு போடுகிற இடைவெளியால் இடது கையை வெளியே நீட்டியது. முழங்கையின் உட்பக்கத்தை மேலே திருப்பி, கையை முட்டியாகப் பொத்திக்கொண்டது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்க்கவில்லை. கை அப்படியே இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அக்கா, என்ன?” என்று கேட்டேன். அந்த நேரம்தான் பொறுப்பாளர் கதவால் வந்தார். என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப்போனது. என்னை மெல்லப் பின்னால் இழுத்துவிட்டு, அக்காவைப் பார்த்துத் தணிந்த குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார்.

“முடிஞ்சுது.”

அக்கா கையை உள்ளே எடுத்தது. மற்றக் கையின் பெருவிரலால் முழங்கை மடிப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்துப் பிடிப்போமே, அதே மாதிரி. பிடித்துக்கொண்டே ஏறிப் போய்ச் சுவரைப் பார்த்துக் குந்தியது.

வெளியில் வந்து அந்தச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். “வெள்ளைச் சட்டையோட உள்ளுக்குப் போகக்கூடாது எண்டு உனக்குச் சொல்லியிருக்க வேணும். பிழை என்னில” என்றார் பொறுப்பாளர். மர வாங்கொன்றில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். “அந்த ஆராய்ச்சிக்கூடத்தில வெள்ளைச் சட்டைக்காரர் ஒவ்வொரு நாளும் ரத்தம் எடுத்திருக்கினம். நீட்டாட்டி மயக்க ஊசியால சுடுவினம். அதால தானே நீட்டப் பழகியிட்டுது.”

அதற்குப் பிறகு நான் உள்ளே போனாலே அக்கா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளும். நான் கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். என்ன முகத்தோடு கூப்பிடுவது?

மாரி முடிகிற நேரம் அக்காவின் கன்னம் வீங்கியது. பல்லுக்குக் கீழே சீழ் கட்டியிருக்கிறது என்றார் மிருக வைத்தியர். மருந்தை உணவில் கலந்து கொடுத்தோம். கசப்பு. வாழைப்பழத்துக்குள் வைத்தோம், பிய்த்து மணந்து பார்த்து எறிந்தது. தேனில் குழைத்தோம், ஜாமில் வைத்தோம், எல்லாம் வைக்கோலுக்குள் போனது. பிறகு சாப்பாட்டையே தொடாமல் விட்டது.

வைத்தியர் குசினியில் நின்று பொறுமையிழந்து சொன்னார். “அது கையைத் தானே நீட்டும். ஊசியைப் போட்டால் ரெண்டு நிமிசத்தில அலுவல் முடியும்.”

“அதாலதான் நான் விடமாட்டன்” என்றார் பொறுப்பாளர்.

“அப்ப இந்த வாரம் முடியிறதுக்குள்ள மருந்து உள்ளுக்குப் போகவேணும். இல்லாட்டி சுட்டு மயக்கித்தான் பார்க்க வேண்டி வரும். இந்த வயசில இருதயம் தாங்குமோ தெரியாது.”

அவர் போன பிறகு நானே கேட்டுவிட்டேன். “செத்துப் போறதை விட ஊசி நல்லதுதானே? நீட்டினால் போட்டால் என்ன?”

பொறுப்பாளர் என்னோடு கோபிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். “இங்கை வந்திறங்கின அண்டைக்கு, இனி உன்ர கையை ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டு அதுக்குச் சொன்னன். அதுக்கு விளங்கியிருக்காது. ஆனால் சொன்னது நான்.”

அவர் செய்வது சரியா பிழையா என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் முழுக்கத் தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “நீங்கள் அதுக்குப் பக்கத்தில இருந்து எப்பவாவது சாப்பிட்டியளோ? எங்கட இல்லத்திலயும் சில கிழவியள் தனிய வைச்சால் வாயைத் திறக்கமாட்டினம். நாங்கள் பக்கத்தில இருந்து சாப்பிட்டால் பேசாமல் தின்னுவினம்.”

அடுத்த நாள் மத்தியானம், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, கம்பி வலைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து சாப்பிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. போர்வை கூட அசையவில்லை. சேர்க்கஸ்காரன் மட்டும் நான் சாப்பிட்டு முடிய அடுத்த அறையில் இருந்து கைதட்டினான். பொறுப்பாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். மயக்குவதற்கு வைத்தியரிடம் நாள் கேட்டாயிற்று என்று சொன்னார்கள். எனக்கும் அலுத்துப் போனது. முதுகு நோ, குளிர், ஈர வைக்கோல் மணம். இதெல்லாம் எனக்கு ஏன் என்று இருந்தது.

வைத்தியர் வருகிறதுக்கு முதல் நாள் மனைவி புட்டும் வாழைப்பழமும் கட்டித் தந்திருந்தாள். கவிழ்த்த வாளியில் குந்தி, பழத்தையும் சீனியையும் புட்டோடு பிசைந்து, நிலத்தைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ நிழல் விழுந்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா கம்பி வலைக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டிருக்கிறது. வீங்கின கன்னத்தோடு என் வாயையே பார்க்கிறது.

நான் மெல்வதை நிறுத்திவிட்டேன். கை வெளியே வந்தது. ஐயோ, திரும்பவும் அதுவா என்று நினைத்தேன். இல்லை. இந்த முறை கையைப் பொத்தவில்லை. உள்ளங்கையை விரித்து, விரல்களை மடக்கி மடக்கிக் காட்டியது. கீழ் உதட்டை முன்னால் தள்ளிக்கொண்டு ‘ஹூ, ஹூ’ என்று சின்னதாக ஒரு சத்தம். முகத்தைத் திருப்பவே இல்லை.

எங்களுடைய எச்சில் சாப்பாட்டை அதுகளுக்குக் கொடுக்கக் கூடாது. வருத்தம் தொற்றும். “பொறுங்கோ அக்கா, ஒரு நிமிசம் பொறுங்கோ” என்று சொல்லிக்கொண்டு குசினிக்கு ஓடினேன். நான் அங்கே ஓடினது அது ஒன்றுதான். பெட்டியில் கை படாத பக்கத்துப் புட்டை எடுத்து, புதுப் பழத்தைப் பிசைந்து, மருந்துப் பொடியைப் போட்டுப் பொறுப்பாளர் உருண்டையாகப் பிடித்தார்.

நாங்கள் திரும்பி வரும்வரைக்கும் கை அப்படியே வெளியில் நீண்டிருந்தது. உருண்டையை வைத்தேன். மூக்கில் வைத்து மணந்தது. என்னைப் பார்த்தது. நான் என் பங்கில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். அதுவும் வாயில் போட்டது. நல்ல பக்கத்தால் ஆறுதலாக மென்றது. பிறகு திரும்பவும் கையை நீட்டியது.

பொறுப்பாளர் சுவரோடு சாய்ந்து நின்றார். “இங்கை வந்து இத்தனை வருசத்தில அது ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை” என்றார். பிறகு வெளியே போய்விட்டார். கனநேரம் உள்ளே வரவில்லை.

வைத்தியர் அடுத்த நாள் வந்து, பார்த்துவிட்டு, மயக்காமலே திரும்பிப் போனார். வீக்கம் வற்றும்வரை என் மனைவி தினமும் உப்புப் போடாமல் கொஞ்சம் புட்டு அவித்துத் தந்தாள். “இப்ப குரங்குக்கு நானும் சமைக்கிறன்” என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

கோடை தொடங்க என்னுடைய தவணை முடிந்தது. நீட்டிக்க வழியில்லை என்றார்கள். அக்கா என்னைத் தேடியிருக்குமா என்று தெரியாது. தேடியிருக்கும் என்று சொல்ல எனக்கு விருப்பம், ஆனால் தெரியாது. அடுத்த டெர்மினில், பாரந்தூக்கி வண்டி ஓடப் பழகுகிற வகுப்புக்கு என்னை அனுப்பச் சொல்லி வேலைக் கந்தோர்ப் பெண்ணிடம் வாய்திறந்து கேட்டேன். இந்த நாட்டுக்கு வந்து நானாக ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தரம். வயதைக் காரணம் சொல்லித் தரவில்லை. பேக்கரி ஒன்றில் விடியப்புற வேலை கிடைத்தது, போனேன்.

இரண்டு மாரி கழித்துப் பொறுப்பாளர் தொலைபேசி எடுத்தார். அக்கா நித்திரையிலேயே போய்விட்டதாம். “கடைசிக் காலத்தில பெரிய கரைச்சல்” என்றார். “ஆர் சாப்பிட்டாலும் வந்து கையை நீட்டும். ஒருத்தரையும் நிம்மதியாச் சாப்பிட விடேல்லை.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நானும் அகதியாக இங்கே வந்த நாளில் இருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் விரலடையாளமும் கையெழுத்தும் கொடுத்தே பழகினவன். களைத்துப்போய் இனி என்னத்தைக் கேட்டு என்ன என்று தோன்றுகிற நாட்களில், அந்த வயதிலும் தனக்குப் பசிக்கிறது என்று சொல்லப் பழகிக்கொண்ட ஒரு உயிரை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன் என்பதே எனக்குப் போதுமாக இருக்கிறது.