சதாபிஷேகம் முடியட்டும் என்றார்கள்

இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படத்தில் அப்பா சிரிப்பதுபோல் தெரியும். அவர் சிரிக்கவில்லை. இடது தொடை எலும்பு, இடுப்புக்குச் சற்றுக் கீழே, இரண்டாக ஒடிந்த நிலையில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டு, தலைமேல் கலச ஜலம் விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அண்ணா. கட்டுரையை என்னை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது காளிகாட்டில், கோயிலுக்குப் போகும் சந்து ஒன்றில், வாடகை வீட்டில். தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கென்று கல்கத்தா வந்தவர். அப்பா பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் தாத்தா காலமாகிவிட்டார். தம்பி படிக்கவேண்டும் என்பதற்காக அப்பா காலேஜ் வாசலை மிதிக்காமல், கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். கப்பல் வந்துவிட்டால் வெயில், மழை பாராமல் ஷெட் ஷெட்டாக நடப்பார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் உட்கார்ந்தவர் இல்லை. தினமும் மார்க்கெட், லைப்ரரி, கோயில் எல்லாம் கால்நடைதான்.

காசி யாத்திரைக்கு வந்த உறவினர் யாரானாலும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். ரயில் வருமுன்பே அப்பா ஹவுரா ஸ்டேஷனில் போய் நிற்பார். இதைப் படிக்கும் உங்களில் பலருடைய பெட்டி படுக்கையை அவர் தலையில் சுமந்திருக்கிறார். யாரைப் பற்றியும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குணம் எனக்கு வரவில்லை.

எண்பது நிறைந்து, ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்யும் சதாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, பூமாலைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மார்க்கெட்டுக்குப் போன அப்பா, மீன்கடை வாசலில் தேங்கியிருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தார். மீன்காரர்தான் அவரை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

டாக்டர் வங்காளி, என் வயதிருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் பேசினார். எலும்புக்குள் ஒரு ராடைச் செலுத்தி, உடைந்த துண்டுகளை ஸ்க்ரூ போட்டுப் பிணைக்க வேண்டும், நாளைக்கே செய்துவிடலாம், மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்றார். இந்த வயதில் எலும்பு ஒடிந்ததால் ஆள் போவதில்லை தீதி, படுத்தே கிடப்பதால்தான் போகிறார்கள், நெஞ்சில் சளி கட்டும், முதுகு புண்ணாகும், தாமதம் வேண்டாம் என்று, அக்கா முறை வைத்து வங்காளத்தில் எடுத்துச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பண்ணிடச் சொல்லும்மா. நேக்கு நடக்கணும்” என்றார்.

அன்று மாலையே குடும்பம் கூடியது. அப்பா படிக்கவைத்த அந்தத் தம்பி, அதாவது சித்தப்பா, சென்னையிலிருந்தும், அண்ணா பெங்களூரிலிருந்தும் விசேஷத்துக்காக முன்கூட்டியே வந்திருந்தார்கள்.

“ஆபரேஷன் எங்கயும் ஓடிப் போயிடாது” என்றார் சித்தப்பா. “எல்லாரும் டிக்கெட் எடுத்துண்டு கெளம்பியாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. டேபிள்மேல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுத்துன்னா சதாபிஷேகமே நின்னு போயிடும். மொதல்ல அது முடியட்டும்.”

அதாவது, அப்பா செத்துப்போவதற்குள் அவருடைய தீர்க்காயுளைக் கொண்டாடிவிட வேண்டும்.

விசேஷத்தைப் பண்ணிவைக்கும் வாத்தியாருக்குப் போன் செய்தேன். “பேஷா தள்ளிப் போடலாம். அடுத்த மாசம் அவர் நட்சத்திரம் வராதா என்ன? மொதல்ல உடம்பைப் பாருங்கோ” என்றார். சித்தப்பாவிடம் சொன்னேன். “நேத்திக்கு வந்த வாத்தியார், அவருக்கென்ன தெரியும்?” என்று தள்ளிவிட்டார்.

அம்மா அதிகம் பேசாதவள். அன்று பேசினாள்.

“கழுத்துல ஏற்கெனவே தாலி இருக்கு. இன்னொண்ணு வேணும்னு நான் கேட்டேனா? அவர் காலைச் சரி பண்ணுங்கோ.”

“மன்னி, நீங்க சித்த சும்மா இருங்கோ” என்றார் சித்தப்பா. அண்ணா ஆபரேஷனை இப்போது வேண்டாம் என்று எழுதி ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டார். மூத்த பிள்ளை இருக்கும்போது, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பெண்ணின் கையெழுத்தை யார் கேட்பார்கள்?

காலில் பட்டை கட்டி எடையைத் தொங்கவிட்டார்கள். விசேஷத்தன்று காலை பட்டையை அவிழ்த்து, ஊசி போட்டு, ஆம்புலன்சில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். பட்டு வேஷ்டி கட்டுவதற்காக இடுப்பைத் தூக்கியபோது அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். “நிறுத்தாதீங்கோ, வாசிங்கோ” என்று சித்தப்பா கையைக் காட்டினார். வாசித்தார்கள். அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டினார். அம்மா ஒரு கையால் அவருடைய ஒடிந்த காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நீங்கள் வரிசையாக வந்து விழுந்து கும்பிட்டீர்கள். ஒடிந்த காலையும் விடாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். ஒவ்வொரு தொடலுக்கும் அவர் முகம் சுருங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் அவர் “தீர்க்காயுசா இரு” என்றார். சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனீர்கள்.

திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நெஞ்சு முழுக்கச் சளி. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். சளி குறையக் காத்திருந்தபோது முதுகில் புண் வந்தது. மாசி என்று நாங்கள் கூப்பிட்ட ஆயா அவரைப் புரட்டிப் புரட்டித் துடைத்தார். ஒருவழியாக ஆபரேஷன் நடந்தது. ராடு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. அப்பாவுக்கு மூச்சு சீராகவே இல்லை. என்னை ஒரே ஒரு தடவை எழுப்பி நிறுத்துங்கள் என்று மாசியிடம் வங்காளத்தில் கெஞ்சினார். மாசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கச்சிதமான அந்த ராடின்மேல் ஒரு முறைகூட நிற்காமல் அப்பா போய்ச் சேர்ந்தார். வயிறு எரிகிறது. இந்த ஒரு வருஷமாக எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். விழுந்தவரைத் தூக்கிய மீன்காரருக்கும், திரும்ப வந்தவரை ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட டாக்டருக்கும், மாசிக்கும், உண்மையைச் சொன்ன வாத்தியாருக்கும் எங்கள் நமஸ்காரம். விசேஷத்துக்கு வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்ட உங்களுக்கும் நன்றி. அது வீண் போகாது, நன்றாக இருங்கள்.

கடைசியாகச் சித்தப்பாவுக்கு. போன மாதம் அவர் சென்னையில் பாத்ரூமில் விழுந்தார். அதே எலும்பு, அதே இடம். மறுநாள் காலையே ராடு வைத்தார்கள், அதற்கடுத்த நாள் நிற்க வைத்தார்கள். இன்று அப்பாவின் முதல் வருஷத் திதியான இந்த வருஷாப்திகத்துக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து வந்திருப்பார். அவருக்குக் கொஞ்சம் வழி விடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அவரே போன் செய்தார்.

“உனக்கு ஒண்ணு தெரியுமோ? இதுக்கெல்லாம் காத்துண்டு இருக்கவே கூடாதாம். உசுருக்கே ஆபத்தாம். டாக்டர் சொன்னார்” என்றார்.

“தெரியும் சித்தப்பா” என்றேன்.